துணைக்கு வந்தவள்

தென்காசி
18.4.2024

அன்புள்ள லாத்தாவுக்குத் தங்கை நஸீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மசூது மச்சானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். ஹஃப்சா சுகம். மாமிக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கேன்" என்கிறார். பாசம்தான். ஆனால் அவரை வைத்துக்கொண்டு எடுத்துப்போட்ட மார்பைப் பற்றி உன்னிடம் எப்படிப் பேச? வாட்சப்பில் எழுதினால் ஹஃப்சா படித்துவிடுகிறாள். தன் உம்மாவின் நோயைப் பற்றி ஒன்பது வயதுக்கு அவளுக்குத் தெரிந்தது போதும். ஷார்ஜாவுக்கு வாரம் ஒருவர் நம் தெருவிலிருந்து வருகிறார், அவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது. பெருநாள் முடிந்த மறுநாள் முதல் கீமோ போட்டார்கள். குத்துக்கல்வலசை போகிற வழியில் இருக்கிற ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு. ஹஃப்சா வாப்பா இருபது நாள் லீவில் வந்தவர், ரியாத்துக்குத் திரும்பிவிட்டார். தனியாகத்தான் போகவேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இதே நோய் வந்து தேறிய பெண்களை, புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாகப் போடுகிறார்கள். எனக்கு வந்தவள் முப்பிடாதி அக்கா. அச்சன்புதூர்க்காரி. வயல் வேலை செய்கிறவள். ஆறு வருடம் முன்னால் அவளுக்கு வந்ததாம்.

ஊசி ஏறும்போது அழுதேன். "அழுதா அழுட்டி, ஒண்ணுங் கொறைஞ்சிறாது. அழுதுட்டு இந்த எளநியக் குடி" என்றாள். சிரித்துவிட்டேன்.

நீ கவலைப்படாதே. மச்சானுக்கு சலாம்.

நஸீபா

*

ஷார்ஜா
29.4.2024

என் கண்ணான நஸீபாவுக்கு, அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். மழை வெள்ளம் வடிந்துவிட்டது. மச்சான் கடையை மறுபடி திறந்துவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று போனிலேயே சொன்னேன், நீ கேட்கவில்லை. கொச்சியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, மச்சானுக்கு அங்கே ஆள் தெரியும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம், இதைப் பார்க்கலாமா?

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. உள்ளே சிலிக்கான் மார்பு இருக்கிறது. ஜெர்மனியில் செய்தது, தொட்டால் தோல் மாதிரியே இருக்கும். உன் அளவு எனக்குத் தெரியாதா? உனக்கு முதல் பாடி வாங்கித் தந்ததே நான்தானே. உம்மா மவுத்தாகும்போது உனக்குப் பன்னிரண்டு வயது. அதன்பிறகு உனக்கு எல்லாம் வாங்கினது நான்தான்.

யார் அந்த முப்பிடாதி? சம்பளத்துக்கு வருகிறவளா? உன்னை ஏட்டி என்று எப்படிக் கூப்பிடுகிறாள்? பழகிய சில நாளில் இத்தனை உரிமை எதற்கு? நர்ஸ் படிப்பு ஏதும் உண்டா என்று விசாரித்து எழுது.

எனக்கு நர்சரிப் பள்ளியில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள். தந்தால் நானே வந்து உன்கூட இருப்பேன்.

சரியாகச் சாப்பிடு. ஹஃப்சாவுக்கு என் முத்தம்.

உன் லாத்தா பர்சானா

*

தென்காசி
27.5.2024

பாசமுள்ள லாத்தாவுக்கு சலாம். மூன்றாவது கீமோவும் முடிந்தது. வாயெல்லாம் புண். மோரும் குழைந்த சோறும்தான் இறங்குகிறது. மற்றபடி இருக்கிறேன்.

முடி உதிர ஆரம்பித்தது. காலையில் தலையணையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முப்பிடாதி அக்கா, "அது கொஞ்சங் கொஞ்சமாப் போயி ஒன்னைப் படுத்துறதுக்கு, நாமளே எடுத்துருவோம்" என்று வீட்டுக்கே வந்து மழித்துவிட்டாள். மாமி அடுப்படிக்குள் போய் அழுதார். அக்கா பேசிக்கொண்டே மழித்தாள். அவள் மகன் போலீஸ் செலக்சனுக்கு ஓடப் போய் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்த கதை. முடிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், பழைய மாதிரியே இருந்தேன். ஆனால் லாத்தா, கோபப்படாதே, இந்த மே மாத வேர்வையில் தழும்பு எரிகிறது. ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்துத் துணியில் தைத்துத் தருகிறார்கள். முப்பிடாதி அக்காவே எனக்கு ஒன்று தைத்தாள். பருத்தித் துணி, லேசாக இருக்கிறது. வீட்டில் அதைப் போட்டுக்கொள்கிறேன். உன்னுடையதைக் கல்யாணங் காட்சிக்கு வைத்திருக்கிறேன்.

அவளுக்குச் சம்பளம் கிடையாது. பஸ் செலவு மட்டும் ஆஸ்பத்திரி தருகிறது. நர்ஸ் படிப்பும் இல்லை, எட்டாவது வரை படித்தவள்.

மச்சானுக்கு என் சலாமைச் சொல்.

நஸீபா

*

ஷார்ஜா
5.6.2024

நஸீபா, உனக்கு ஆண்டவன் சீக்கிரம் ஷிஃபாவைத் தந்து குணமாக்கட்டும். நாங்கள் நலம்.

எனக்கு என்ன கோபம்? ஜெர்மனியில் தெரியாததெல்லாம் அச்சன்புதூரில் தெரிந்திருக்கிறது, நல்லதுதான். அதைக் கல்யாணத்துக்கு வைக்க வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடு.

உன் தலையைப் பார்க்கவேண்டும் என்று வீடியோவில் கேட்டேன். முக்காட்டை இறுக்கிக்கொண்டு, "வேண்டாம் லாத்தா" என்றாய். சரி என்று விட்டேன். அந்தத் தலையில் பேன் பார்த்தவள் நான். பள்ளிக்கூடம் போகும்போது இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் அவிழாமல் இருக்கக் கீழே நூல் கட்டி அனுப்பியவள் நான். அதை மழிக்க ஒருத்தி அச்சன்புதூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நோயாளியிடம் யாரும் அன்பாகப் பேசலாம், இரண்டு மணி நேரம்தானே. எல்லாருக்கும் அதே பேச்சைத்தான் பேசுவாள், உனக்கென்று தனியாக இருக்காது. மனசை அதிகம் வைக்காதே.

கொச்சி விஷயத்தை யோசித்தாயா?

பர்சானா

*

தென்காசி
26.6.2024

அன்பு லாத்தாவுக்கு சலாம். பக்ரீத் நல்லபடியாகப் போனது. நீ அனுப்பிய கவுன் ஹஃப்சாவுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. நான்காவது கீமோ முடிந்து வாய்ப்புண் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

சீசன் ஆரம்பித்துவிட்டது. வீட்டு மாடியிலிருந்தே மலை தெரியாத அளவுக்கு மேகம். போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வேனில் எங்கள் குழுவை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டத்தில் குளிக்கக் கூடாது, தொற்றிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு தோட்டத்தில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. முப்பிடாதி அக்கா, "இங்கன ஆம்பிளைய யாரும் இல்ல. முக்காட்ட எடுத்துட்டு ஒருக்கா இருந்து பாரு" என்றாள். மாட்டேன் என்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்தேன். மொட்டைத் தலையில் சாரல் விழுவது எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை லாத்தா. பிப்ரவரியில் அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

ஹஃப்சாவும் வந்திருந்தாள். அக்காவை இப்போது பெரியம்மா என்றே கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

நஸீபா

*

ஷார்ஜா
3.7.2024

தென்காசி ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேவை செய்யும் முப்பிடாதி அவர்களுக்கு, நஸீபாவின் மூத்த சகோதரி பர்சானா எழுதுவது. நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊருக்கு வருகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நஸீபாவுக்குத் தெரியவேண்டாம்.

என் தங்கைக்கு நீங்கள் செய்த உதவிக்கு நன்றி. அவள் இப்போது தேறிவிட்டாள். வீட்டில் மாமி இருக்கிறார், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வெளி ஆள் வீட்டுக்கு வந்து போவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள், இளகின மனசு. அதனால் நான் சொல்கிறேன்.

அவள் பிள்ளைக்குப் பெரியம்மா இருக்கிறாள். அது நான்தான்.

இனி நீங்கள் வரவேண்டாம். உங்கள் சிரமத்துக்கு ஏதாவது அனுப்பட்டுமா என்று எழுதுங்கள்.

இப்படிக்கு
பர்சானா மசூது

*

அச்சன்புதூர்
9.7.2024

பர்சானா அம்மாவுக்கு முப்பிடாதி வணக்கம் சொல்லி எழுதுறது. நானும் மகனும் சுகம். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கிடணும்.

உங்க கடிதாசி கிடைச்சது. நீங்க சொன்னபடி இனி வீட்டுக்குப் போகலை. ஆஸ்பத்திரியிலயும் வேற ஆள் போடச் சொல்லிட்டேன். வயல்ல நடவு வேலை இருக்குன்னு காரணம் சொன்னேன். நஸீபாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

ஒரே ஒரு காரியம். அஞ்சாவது கீமோ போன வெள்ளிக்கிழமை போட்டாங்க. அதுக்குப் பொறவு ஒரு வாரம், பத்து நாள்ல உடம்புல எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறையும். காய்ச்சல் நூறைத் தாண்டுச்சுன்னா காத்திருக்கப்படாது, மாத்திரை போட்டுப் படுக்கப்படாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். அவ சொல்லமாட்டா, அடுத்தவங்களுக்குத் தொந்தரவுன்னு நினைப்பா. அதனால தினம் சாயங்காலம் நான்தான் காய்ச்சல் பாக்கிறது. இனி அதை யாராவது பாக்கணும். நீங்க போன்ல சொல்லிருங்க.

பிள்ளை என்னைப் பெரியம்மான்னு கூப்பிட்டது தப்புன்னா, அது என் தப்பு. நான் திருத்தலை. கேக்க நல்லா இருந்துச்சு.

முப்பிடாதி

*

ஷார்ஜா
14.7.2024

என் தங்கமான நஸீபாவுக்கு, ஆயிரம் சலாம். நாங்கள் நல்ல சுகம், உன் சுகத்தைக் கேட்க ஆசை.

இங்கே வெயில் தாங்கவில்லை. மச்சான் கடைக்குப் புதிதாகக் குளிர்பெட்டி வாங்கியிருக்கிறார். உனக்கு இரண்டு பருத்தி மாக்ஸி எடுத்து வைத்திருக்கிறேன், பூப் போட்டது. ஹஃப்சாவுக்குக் கலர் பென்சில்.

போனில் உன் குரல் சோர்வாக இருந்தது. கீமோ அசதிதான், போய்விடும். மாமியிடம் சூப் வைத்துத் தரச் சொல். யாரையும் எதிர்பார்த்து உட்காராதே. யார் போனாலும் வந்தாலும் உனக்கு நான் இருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் லாத்தா

*

தென்காசி
4.8.2024

லாத்தாவுக்கு சலாம். நீ சுகமாக இரு. நான் பிழைத்துக் கிடக்கிறேன்.

நீ கூப்பிட்டபோதெல்லாம் மாமி, "அவ தூங்குதா" என்று சொன்னாரே, அது பொய். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

முப்பிடாதி அக்கா வருவதை நிறுத்திவிட்டாள். நடவு என்றாள். நடவுக்குப் போகிறவள் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருப்பாளே. நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் வேறு ஒருத்தியைப் போட்டார்கள், நல்லவள்தான். நான்தான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் குளிரில் கட்டில் ஆடியதைப் பார்த்து மாமி அலறி, பக்கத்து வீட்டு யஹ்யா கார் எடுத்து வந்தான். இரத்தத்தில் விஷம் ஏறியிருந்தது, இன்னும் ஒரு நாள் தாண்டியிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். ஆறாவது கீமோவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

அங்கே படுத்துக்கொண்டு உன்னைப் பற்றித்தான் நினைத்தேன். ஜூலையில் உங்கள் நர்சரிக்கு விடுமுறை என்று எனக்குத் தெரியும். நீ வராததற்கு லீவு காரணமில்லை. உம்மா இதே நோயில் கிடந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. நீதான் புண்ணைக் கழுவினாய், நீதான் கண்ணை மூடினாய். மறுபடி அதைப் பார்க்க உன்னால் முடியாது. அதனால்தான் வா என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. தலையைக் காட்டாததும் அதனால்தான். என் முகம் மொட்டையில் அப்படியே உம்மா.

பயந்துவிடாதே. தேறிவிட்டேன்.

நஸீபா

*

ஷார்ஜா
8.8.2024

முப்பிடாதி அக்காவுக்கு பர்சானா எழுதுவது. சுகம் விசாரிக்கக்கூட எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறீர்களா?

நஸீபாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்ச்சலைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் யார் சொன்னது என்று கேட்பாள் என்று பயந்தேன். அது பாதிதான். உங்கள் வாயிலிருந்து வந்த ஒன்று அவளுக்குத் தேவைப்படுகிறது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. பூப் போட்ட மாக்ஸியைப் பற்றி இரண்டு வரி எழுதினேன், இதை எழுதவில்லை.

உங்கள்மேல் எனக்கு இருந்த பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. நேற்றும் சாரல் நினைவு வந்தது, நேற்றும் எரிந்தது. அது போகும்வரை காத்திருக்க நேரமில்லை. நீங்கள் அவளிடம் திரும்பிப் போங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பதினேழாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். கடைசிக் கீமோவுக்கு அவள்கூட நான் போகவேண்டும். ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே நான் வாசலைத் தாண்டமாட்டேன், இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். புதிதாக வருகிறவர்களுக்குத் துணை போடுவார்களாமே. அன்று ஒரு நாள் எனக்கும் வருவீர்களா?

பர்சானா

*

தென்காசி
30.10.2024

என் லாத்தாவுக்கு சலாம். மச்சான் சுகமா? நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து ஒன்றரை மாதமாகிறது. எனக்குத் தலையில் முடி முளைத்து, தடவினால் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. நேற்று டாக்டர் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன்.

கடைசிக் கீமோ அன்றைக்கு நீ அறை வாசலிலேயே நின்றுவிட்டாய். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் எழுந்து வரப் பார்த்தேன், கையில் ஊசி. முப்பிடாதி அக்கா உன்னிடம், "உள்ள வர வேண்டாம். இந்தப் பெஞ்சில உக்காருங்க. அவ காலு மட்டும் தெரியுதுல்லா, அதப் பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். நீ என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து என் பாதத்தைப் பிடித்தாய். அப்புறம் என் முக்காட்டை நீயே எடுத்தாய். உம்மா மாதிரி இல்லை, வாப்பா மாதிரி இருக்கிறேன் என்றாய். கடிதம் எழுதி அக்காவை நிறுத்தியது நீதான் என்றும் அங்கேயே சொன்னாய். உன்மேல் கோபப்பட எனக்கு அன்று தெம்பில்லை, பிறகு மனசில்லை. அதெல்லாம் முடிந்துவிட்டது.

இது வேறு. நேற்று டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது அக்காவிடம் கேட்டேன், "லாத்தா போனை எடுத்தா அவசரமா வைக்காளே, ஏன்?"

அக்கா, "இனி அப்பிடி இருக்காது. நேத்து ரிசல்ட் வந்துட்டுல்லா" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"என்ன ரிசல்ட்?"

பஸ் ஸ்டாண்ட் வரை மகன் கதையாகவே பேசிக்கொண்டு வந்தாள். நான் விடவில்லை. அப்புறம் சொன்னாள். உம்மாவுக்கும் எனக்கும் வந்ததால் நீயும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள்தான் உன்னை மெஷினில் படம் எடுக்க இழுத்துப் போனாளாம். எனக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அன்றைக்கு. இடது பக்கம் சின்னக் கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பி, முதல் ரிசல்ட் தெளிவில்லை என்று ஷார்ஜாவில் மறுபடி எடுத்து, கடைசியில் ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்திருக்கிறது. இரண்டு மாதம் நீங்கள் இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு தினம் பேசியிருக்கிறீர்கள். நான் உன் குரலில் ஏதோ இருக்கிறதே என்று மாக்ஸிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. ஒன்றுமில்லை என்றதும் அது போய்விட்டது. போகாதது ஒன்று இருக்கிறது. அந்த ஊசி குத்தும்போது உன் கையைப் பிடித்திருந்தது நான் இல்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை. அக்காவை நினைத்து நீ மூன்று மாதம் என்ன பாடு பட்டிருப்பாய் என்று நேற்றுத்தான் எனக்கு உறைத்தது, நானும் அதே மாதிரி அல்பமாக இருக்கிறேன்.

ஏப்ரலில் நீ மறுபடி படம் எடுக்க வரவேண்டுமாம். இன்றைக்குக் காலையிலேயே அக்காவுக்குப் போன் போட்டேன். "அன்னைக்கு நீங்க வீட்டுல இருங்க. லாத்தாவ நாங் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அக்கா சிரித்தாள். "சரிட்டி, நான் வெளிய பெஞ்சில உக்காந்துக்கிடுதேன்."

"பெஞ்சிலயும் வேண்டாம்" என்றேன்.

வரும் தேதியை முதலில் எனக்கு எழுது, பிறகு அவளுக்கு.

உன் நஸீபா